ஐந்தாம் எழுத்து

1998 ஜனவரி 19, திங்கள்

புதுப் பாடத்திட்டம் வந்துவிட்டது. தாவரவியல், விலங்கியல் என்று இரண்டாக இருந்தது இனி உயிரியல் என்று ஒன்றாம். ஒன்பது வருடமாக இந்தத் திருகோணமலையில் மா இலையின் குறுக்குவெட்டை வரைந்து காட்டியே சம்பளம் எடுத்தவன் நான். பள்ளிக்கூட அதிபர் இன்று அறைக்குள் கூப்பிட்டு, "சோமசேகரம் மாஸ்டர், மூலக்கூற்று உயிரியல் முழுக்க உங்களுக்கு" என்றார், பதவி உயர்வு தருகிறவர் மாதிரி. "ஓம் சேர்" என்றேன். என் வாய்க்கு அது ஒன்றுதான் தெரியும்.

வயது முப்பத்துநாலு. டி.என்.ஏ என்றால் முறுக்கேணி மாதிரி இருக்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஜனவரி 27, செவ்வாய்

கொழும்பில் நடந்த ஆசிரியர் பயிற்சிக்குப் போக வெளிக்கிட்டேன். கந்தளாயில் பஸ்ஸை மறித்து, பாதை பூட்டு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழ் வழிகாட்டிப் புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறதாம். படிப்பிக்க வேண்டிய நாள் மட்டும் அச்சில் இல்லை, வந்துவிட்டது.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் புஷ்பவதியிடம் போனேன். புஷ்பவதி என் மாமி மகள், என் அப்பாவின் தங்கை நல்லம்மா மாமியின் ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஆவணியில் எங்களுக்குக் கலியாணம். பத்துப் பொருத்தத்தில் எட்டு என்று சாத்திரியார் சொல்லியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து 'உனக்குத்தான் அவள்' என்று சொல்லிச் சொல்லி, நான் அவளோடு ஒழுங்காக ஒரு வசனம் கதைத்தது கிடையாது.

தன் ஆங்கிலப் புத்தகத்தைத் தந்தாள். "விளங்காட்டிக் கேளுங்கோ மச்சான்."

"விளங்கும், விளங்கும்" என்றேன். விளங்கவில்லை.

பெப்ரவரி 6, வெள்ளி

படிப்பித்துவிட்டேன். கலம் என்கிற செல்லின் கருவுக்குள் டி.என்.ஏ இருக்கிறது, அது வெளியே வராது. தேவையான பரம்பரையலகை, அதாவது ஜீனை, மட்டும் ஒரு நொதியம் எழுத்தெழுத்தாக வாசித்து ஆர்.என்.ஏ என்று ஒரு பிரதி எடுக்கும். தைமீன் வரவேண்டிய இடத்தில் யுராசில் வரும். பிரதியின் தலையில் ஒரு தொப்பி, முடிவில் அடினீனால் ஆன நீண்ட வால். நடுவில் இன்ட்ரோன் என்ற துண்டுகளை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டி, கருவுக்கு வெளியே அனுப்பும். வெளியே றைபோசோம் அதை வாசித்துப் புரதம் செய்யும்.

பாடமாக்கியதை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அப்போது பரீனா எழும்பினாள். கிண்ணியாவிலிருந்து 'பாதை' என்கிற மிதவையில் ஏறிக் கடல் கடந்து வருகிற பிள்ளை, நித்திரை தூங்கினாலாவது என்ன?

"சேர், பிறகு வெட்டி எறியிறதை ஏன் மினக்கெட்டுப் பிரதி எடுக்குது?"

நான் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினேன்.

"அது குப்பை. சோதனைக்கு வராது. இரும்."

வகுப்பு முழுக்கக் கொப்பியில் எழுதிக்கொண்டது: இன்ட்ரோன் — குப்பை. எழுதாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெப்ரவரி 21, சனி

ஆஸ்பத்திரியில் இரத்தத்துக்குத் தட்டுப்பாடு. எங்கேயோ அடிபாடு, காயக்காரர் வந்துகொண்டேயிருக்கிறார்கள். "ஆருக்குப் போகுதோ தெரியாது, ஏன் குடுக்கிறாய்?" என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். நான் கொள்கையோடு போகவில்லை. புஷ்பவதி அங்கே வெள்ளை அங்கி போட்டு நிற்பாள், அவள் பார்க்க நான் கையை நீட்டிப் படுப்பேன். அதுதான் கொள்கை.

விரலில் குத்தி ஒரு துளி எடுத்து, நீலநிறச் செப்புச் சல்பேற்றுக் கரைசலுக்குள் விட்டாள். நல்ல இரத்தம் என்றால் துளி தாழுமாம். என்னுடையது தாழவில்லை. இன்னொரு துளி. அதுவும் மிதந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற, எழுபது வயது மதிக்கத்தக்க மீன்காரரின் துளி கல்லுப் போல அடிக்குப் போனது.

"இரத்தம் காணாது மச்சான். உங்களிட்ட எடுக்க ஏலாது" என்றாள். ஒரு பாண் துண்டும் தேத்தண்ணியும் தந்து அனுப்பினார்கள். கொடுக்காதவனுக்கும் தேத்தண்ணி உண்டு.

மார்ச் 24, செவ்வாய்

இரத்தம் ஏறவென்று அவள் தந்த இரும்புக் குளிசை ஒரு மாதம் முடிந்தது. இரத்தம் ஒரு புள்ளியும் ஏறவில்லை. வயிறு மட்டும் இரும்பாகிவிட்டது.

ஏப்ரல் 3, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புஷ்பவதி பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆளனுப்பினாள். ஆய்வுகூடத்தில் மூன்று கண்ணாடிக் குழாய்கள். மூன்றிலும் மெல்லிய உப்புத் தண்ணீர், மூன்றிலும் ஒவ்வொரு துளி இரத்தம். பின்னால் கோடு போட்ட கடதாசி.

"சாதாரண சிவப்பணு இந்தத் தண்ணியில வெடிச்சிடும். தண்ணி தெளியும். பின்னால கோடு தெரியும்" என்றாள். "முதலாவது உங்கட."

கலங்கல். கோடு தெரியவில்லை.

"ஒப்பிட்டுப் பாக்க ஒரு நல்ல இரத்தம் வேணுமெண்டு என்ர இரத்தத்தை விட்டன். ரெண்டாவது."

அதுவும் கலங்கல்.

"குழாயில பிழையோ எண்டு அலியார் காக்காவின்ர இரத்தத்தையும் எடுத்தன்." அலியார் அங்கே உதவியாளர், காக்கா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். மூன்றாவது குழாயின் பின்னால் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. அலியார் காக்கா தான் ஏதோ குற்றம் செய்தவர் போல வாசலில் நின்றார்.

நுணுக்குக்காட்டியிலும் பார்க்கச் சொன்னாள். என்னுடையதும் அவளுடையதும், சின்னச் சின்னதாக, வெளிறி, நடுவில் பொட்டு வைத்தது மாதிரி. வித்தியாசம் சொல்ல ஏலாது.

"தலசீமியா எண்டு பரம்பரையா வாற இரத்த வருத்தம், அதைக் காவுகிற ஆக்கள் நாங்கள் எண்டு நினைக்கிறன். எங்களுக்கு ஒண்டும் செய்யாது. ரெண்டு காவிகள் கலியாணம் செய்தால் பிள்ளைக்குச் செய்யும். நாலில ஒண்டு. ஒவ்வொரு முறையும் நாலில ஒண்டு."

நான் சொன்ன பதில் இது. பின்னால் மறுக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். "அப்ப இரும்புக் குளிசையை நிப்பாட்டலாமா?"

ஏப்ரல் 4, சனி

சாத்திரியார் இரத்தத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பத்துக்குப் பத்து.

ஏப்ரல் 23, வியாழன்

கொழும்புக்குப் போய் வந்தோம். புஷ்பவதியைப் படிப்பித்த வைத்தியர் அம்மா ஒருவர் அங்கே பரம்பரையலகு பார்க்கிற ஆராய்ச்சியில் இருக்கிறா. மாமியின் இரத்தத்தையும் கேட்டிருந்தா. அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு புஷ்பவதி மடியில் பிடித்திருந்தாள்.

வழியில் ஒரு சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரப் பொடியன் பெட்டியைத் திறந்து குழாயைத் தூக்கிப் பிடித்து, "மே மொக்கத்த?" என்றான், இது என்ன என்று சிங்களத்தில். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்பது வருடம் வகுப்பில் சத்தம் போட்ட நாக்கு! புஷ்பவதி அமைதியாக, "லே" என்றாள். இரத்தம். யாருடையது என்றான். "அம்மாட" என்று தமிழிலேயே வந்துவிட்டது அவளுக்கு. அவன் ஏதோ விளங்கினவன் போல மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். என் அடையாள அட்டையைத்தான் பத்து நிமிடம் பார்த்தான். படத்தில் நான் இன்னும் மோசம்.

கொழும்பில் எங்கள் இரண்டு பேரின் இரத்தத்தையும் எடுத்தபின் அந்த அம்மா ஒரு வார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. தலசீமியா வந்த ஏழு பிள்ளைகள். இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறை வரவேண்டும், சாகும்வரை. ஏற்றுகிற இரத்தத்தால் உடம்பில் இரும்பு கூடும், அதை இறக்க வயிற்றில் ஊசி குத்தி, சின்ன இயந்திரத்தால் மணிக்கணக்கில் மருந்து. ஒரு பெண்பிள்ளை அந்த இயந்திரத்துக்குப் பொம்மைச் சட்டை தைத்துப் போட்டிருந்தது.

பாதை பூட்டினால் திருகோணமலையில் என்ன செய்வோம்? இதைக் கேட்டது புஷ்பவதி. நான் திரும்பிப் போகிற பஸ்ஸின் நேரத்தை விசாரித்தேன்.

ஜூன் 12, வெள்ளி

கடிதம் வந்தது. புஷ்பவதி அதைக் கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். என் வெண்கட்டியை எடுத்து என் கரும்பலகையில் அவள் வரைந்தாள். நான் முன்வாங்கில் இருந்தேன்.

ஈமோகுளோபினில் பாதியைச் செய்கிற பரம்பரையலகு. மூன்று துண்டு, நடுவில் இரண்டு இன்ட்ரோன். முழுக்கப் பிரதி எடுத்த பிறகு கலம் இன்ட்ரோனை வெட்டும். எங்கே வெட்டுவது என்று எப்படித் தெரியும்? வெட்டுகிற இடத்தின் அடையாளம் இன்ட்ரோனின் முதல் சில எழுத்துகளிலேயே இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் முதல் இன்ட்ரோனில் ஐந்தாவது எழுத்து பிழை. குவானீன் இருக்கவேண்டிய இடத்தில் சைற்றோசீன். அதனால் வெட்டுகிறவர் சரியான இடத்தைத் தவறவிட்டு, பக்கத்தில் அது மாதிரித் தெரிகிற வேறு இடத்தில் வெட்டிவிடுகிறார். வெட்டு மாறினால் செய்தி குழம்பும். புரதம் அநேகமாக வராது.

"எங்களுக்கு மற்றப் பக்கத்தால வந்த பிரதி நல்லது. அதால தப்பி நிக்கிறம்" என்றாள்.

மாமிக்கும் அதே எழுத்து. அப்பாவிடமிருந்து எனக்கு, மாமியிடமிருந்து அவளுக்கு. ஒரே வீட்டுப் பிழை.

வகுப்பில குப்பை எண்டு சொன்னனே. அந்தக் குப்பையிலதான்... முப்பத்தெட்டுப் பிள்ளையளின்ர கொப்பியில எழுதிக் கிடக்கு. விசரன். அஞ்சாவது எழுத்தாம். ஆர் எண்ணினவை?

ஜூன் 14, ஞாயிறு

மாமியிடம் சொன்னோம். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு எப்போதும் அங்கேதான், அப்பாவும் அம்மாவும் போனபின் எனக்கு வேறு வீட்டுச் சோறு கிடையாது.

நான் விளங்கப்படுத்தினேன். ஐந்து நிமிடத்தில் நல்லம்மா மாமி பயந்தே போனா. "என்ன, நாங்கள் குறைஞ்ச சாதி இரத்தமெண்டு சொல்லுறாங்களோ?"

புஷ்பவதி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, "அம்மா, உங்கட கடைசித் தம்பி எப்படிச் செத்தவர்?" என்று கேட்டாள்.

மாமி கரண்டியை வைத்தா. மூன்று வயதாம். வெளிறி, வயிறு வீங்கி. மலேரியா என்று கொயினா மருந்து கொடுத்தார்களாம். "உங்கட அப்பாதான் தோளில வைச்சுக்கொண்டு திரிஞ்சவர்" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. அப்பா ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. அப்படி ஒரு சித்தப்பா இருந்தது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஜூன் 15, திங்கள்

வகுப்பில் சொன்னேன். "பெப்ரவரியில் நான் சொன்னது பிழை. குப்பை என்று எழுதியதை வெட்டுங்கோ. வெட்டுகிற இடத்தைக் காட்டுகிற எழுத்து அதுக்குள்ளதான் இருக்கு. அதில ஒண்டு பிசகினாலும் வருத்தம் வரும்."

பரீனா: "என்ன வருத்தம் சேர்?"

சொன்னேன். யாருக்கு என்று சொல்லவில்லை. முதல் தடவையாக ஒருவரும் மணியைப் பார்க்கவில்லை.

அவளுடைய முதல் கேள்விக்கு — ஏன் மினக்கெட்டுப் பிரதி எடுக்கிறது — எனக்கு முழு விடை தெரியாது என்றும் சொன்னேன். சொன்ன பிறகு பசித்தது. நாலு வடை சாப்பிட்டேன்.

ஜூலை 5, ஞாயிறு

மூன்று கிழமையாக ஒரு வசனம் தயார்பண்ணி வைத்திருந்தேன். 'பிள்ளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு நீர் போதும்.' மிக உயர்ந்த வசனம் என்று எனக்கு எண்ணம். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன்.

இன்று உட்துறைமுகக் கடற்கரையில் வைத்துச் சொன்னேன். நேவிக்காரரின் படகு ஒன்று இரைந்துகொண்டு போனதால் இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் போதாது மச்சான்" என்றாள்.

பிறகு, "எனக்குப் பிள்ளை வேணும். அந்த வார்ட்டில படுக்கிற பிள்ளை வேண்டாம். பெத்துப்போட்டு நாலில மூண்டு எண்டு சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. இங்க ஆஸ்பத்திரியில பிள்ளையளுக்கு ஊசி குத்துறவள் நான்தானே. ஆரும் நல்ல இரத்தக்காரரைச் செய்தால் என்ர பிள்ளைக்கு அந்த வருத்தம் வராது. உங்கடைக்கும் வராது. நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்தான் ஏலாது."

"நீர் என்னை விரும்பேல்லையா?" இதைக் கேட்டது முப்பத்துநாலு வயது பட்டதாரி ஆசிரியர்.

அவள் அழுதாள். அதுதான் விடை. எனக்கு அது போதாமல், மறுபடி கேட்டேன்.

ஜூலை 6, திங்கள்

விடுமுறை போட்டேன். காரணம்: வயிற்றோட்டம். பொய். சோறே போகவில்லை, ஓட என்ன இருக்கிறது?

ஓகஸ்ட் 28, வெள்ளி

கலியாணத்துக்கு இன்றைக்குத்தான் நாள் வைத்திருந்தது. மூன்றாம் தவணைக்கு வினாத்தாள் செய்தேன்.

ஒக்டோபர் 11, ஞாயிறு

தம்பலகாமத்தில் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பெண்ணின் அண்ணனிடம் முதல் வேலையாக என் இரத்தத்தைப் பற்றிச் சொன்னேன். பலகாரம் வருவதற்கு முதலே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்களே ஞாபகப்படுத்தினார்கள்.

1999 ஜனவரி 17, ஞாயிறு

புஷ்பவதிக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. பாக்கியரத்தினம், உப்புவெளி, முப்பத்திரண்டு வயது, துறைமுகத்தில் கிளார்க். எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. மாமி இதைச் சொல்லும்போது என் சோற்றுக் கோப்பையில் ஒரு மீன்துண்டு கூடுதலாக விழுந்தது. மாமியின் மன்னிப்பு அப்படித்தான் வரும்.

ஜனவரி 19, செவ்வாய்

இன்று புஷ்பவதி கேட்டதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அந்தப் பாக்கியரத்தினத்தின் இரத்தத்தைப் பார்க்கவேண்டும். மாமியோ, கேட்டால் பேச்சு முறியும், வாயைத் திறக்காதே என்கிறா. தரகரிடம் விட்டால் வருத்தக்காரப் பொம்பிளை என்று ஊர் முழுக்கக் கதை போகும்.

"இரத்ததானமெண்டு கூப்பிட்டு அவருக்குத் தெரியாமப் பாக்க எனக்கு ஏலும். அப்படிச் செய்யமாட்டன். அவருக்குத் தெரியவேணும். நீங்கள் சொல்லுங்கோ மச்சான். நீங்கள் சொன்னா விளங்கும்."

"நானா?"

"வேற ஆர் எனக்கு?"

ஓம் என்றேன். என் வாயைப் பற்றி முன்னமே எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 23, சனி

துறைமுக வாசலுக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் சந்தித்தோம். சின்ன ஆள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் மூன்று பேனை. குறை கண்டுபிடிக்கவென்றே போனேன். மூன்று பேனைதான் கிடைத்தது.

உண்மையைச் சொல்கிறேன். வழி முழுக்க ஒரு யோசனை. நான் பொய் சொல்லத் தேவையில்லை. அந்த வார்ட்டை மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொன்னால் போதும். பொம்மைச் சட்டையைச் சொன்னால் போதும். மனிதன் எழும்பிப் போய்விடுவான். அவன் போனால் அவள் எனக்கு ஆகிவிடுவாளா? ஆகமாட்டாள். அது தெரிந்தும் ஆசை இருந்தது. எவ்வளவு மலிவான ஆள் நான்!

சொன்னேன். முழுக்க. "உங்கட கந்தோரில மூலக் கோப்பை வெளியில விடமாட்டினம், பிரதிதான் போகும், இல்லையா?" என்று தொடங்கினேன். பிரதி எடுப்பது, தொப்பி, வால், வெட்டி ஒட்டுவது. வெட்டுகிற இடத்தில் ஓர் எழுத்து மாறினால் என்ன நடக்கும் என்பது. காவிக்கு ஒன்றும் செய்யாது, இரண்டு காவி சேர்ந்தால் மட்டும்தான் பயம் என்பது. வார்ட்டையும் சொன்னேன், இருந்த அளவுக்கு, கூட்டாமல். தேத்தண்ணி ஆறிப் போனது. என் வாழ்நாளில் நான் படிப்பித்த ஒரே நல்ல பாடத்துக்கு வந்தது ஒரேயொரு மாணவன்.

அவர் இடையில் ஒரு கேள்விதான் கேட்டார். "என்ர இரத்தம் ஒழுங்கெண்டா, பிள்ளைக்கு வரவே வராதோ?"

"வராது. அவ மாதிரிக் காவியா இருக்கலாம். அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் பேனையைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "மாஸ்டர், குறை நினையாதேங்கோ. அந்த மற்றக் காவி... நீங்களோ?"

"ஓம்."

அவர் என் தேத்தண்ணிக்கும் சேர்த்து எழும்பிப் போய்க் காசு கொடுத்துவிட்டு வந்து, "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரவேணும்?" என்று கேட்டார்.

ஜனவரி 25, திங்கள்

நானும் போய் நின்றேன். ஏன் என்று கேட்கக்கூடாது. புஷ்பவதி ஊசியை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள், அலியார் காக்காதான் எடுத்துக் குத்தினார். அரை மணித்தியாலம் நாலு பேரும் ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தெளிந்தது. ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது.

பாக்கியரத்தினம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சோதனை சித்தியடைந்தது நான் என்பது போல.

வெளியே வந்து அலியார் காக்காவிடம் ஒரு சிகரெட் வாங்கிக் குடித்தேன். எனக்குப் பழக்கமில்லை, இருமினேன். அவர் முதுகைத் தட்டிக்கொண்டு, "இருமுங்க மாஸ்டர், நல்லா இருமுங்க. கண்ணைப் பாத்து ஆரும் கேட்டா புகையெண்டு சொல்லுவம்" என்றார்.

மே 27, வியாழன்

கலியாணம் நல்லபடி முடிந்தது. பந்தியில் சாம்பார் வாளி என் பொறுப்பு. மாப்பிள்ளையின் வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. வேண்டுமென்று இல்லை. கடவுளாணை இல்லை.

2000 ஏப்ரல் 11, செவ்வாய்

புஷ்பவதிக்குப் பெண்பிள்ளை. ஆறரை இறாத்தல். நல்ல சத்தம்.

2001 மார்ச் 11, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இப்போது புஷ்பவதியின் புது வீட்டில். மாமியும் அங்கேதான் இருக்கிறா. எட்டு மாதமாக ஏதோ ஒரு சாட்டுச் சொல்லிப் போகாமல் இருந்தேன். இன்று பாக்கியரத்தினமே சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அவர் உயரத்துக்கு என்னை வைத்து மிதிக்கிறது லேசில்லை, இரண்டு சென்றியிலும் இறங்கி நடந்தோம், ஏற்றத்தில் நான் தள்ளினேன்.

பிள்ளைக்குப் பதினொரு மாதம். புஷ்பவதி போன மாதம் அதன் இரத்தத்தையும் கொழும்புக்கு அனுப்பியிருந்தாள். காவி. தாயைப் போல. ஓடித்திரியும், படிக்கும், கலியாணத்துக்கு முதல் ஒரு கதை கதைக்கவேண்டும், அவ்வளவுதான்.

மாமி பிள்ளையை என் பக்கம் திருப்பி, "மாமா வந்திருக்கிறார், மாமாவைப் பார்" என்றா. மாமி நல்ல மனதோடுதான் சொன்னா. மாமா என்றால் தாயின் சகோதரன். ஒருவருக்கும் சங்கடமில்லாத முறை. நானும் அதற்குத்தான் தயாராகப் போயிருந்தேன், சிரிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன்.

குசினியிலிருந்து புஷ்பவதி வந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "மாமா இல்லை அம்மா. நான் அவருக்கு மச்சாள். மச்சானை என்ர பிள்ளை மாமா எண்டு கூப்பிடுமோ? முறை பிழைக்கக்கூடாது" என்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்து, "பெரியப்பா" என்று சொல்லிக் கொடுத்தாள்.

நான் பாக்கியரத்தினத்தைப் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஓம், என்னை விட இரண்டு வயது மூப்பெல்லே. பெரியப்பாதான்" என்றார்.

பிள்ளை என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாய்க்குள் வைத்தது. வாங்கித் தரவா என்று மாமி கேட்டா.

"இருக்கட்டும் மாமி" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெளிவாகத் தெரியாமல் இருந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது.